மதிப்பெண்ணும் மலைப்பாதையும்

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சந்திப்பில் காலை அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேசியது பெரும்பாலும் பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



எனக்குச் செயலாளர் கொடுத்த நேரம் இருபது நிமிடம். வாத்தியாருக்கு மணி அடித்தால்தான் நிறுத்தத் தெரியும். அதனால் யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நம் கல்லூரியில் கணிதம் படித்தேன். பிறகு கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் அரசுப் பள்ளிகளில் கணித ஆசிரியராகவும், கடைசி சில ஆண்டுகள் தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இரண்டு வருஷம் குளிரைத் தாங்கிக்கோ, கீழே மாற்றல் வாங்கிடலாம்" என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த இரண்டு வருஷம் கடைசிவரை முடியவே இல்லை.

இன்று பிற்பகல் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. நம் சங்கம் ஆண்டுதோறும் கொடுக்கும் கல்வி உதவித்தொகைக்கு, பிளஸ் டூவில் 80 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்பது இப்போதுள்ள விதி. விண்ணப்பங்கள் அதிகம் வருவதால் அதை 90 ஆக உயர்த்தலாம் என்பது தீர்மானம். கொண்டுவந்தவர்கள் நல்ல மனசோடுதான் கொண்டுவந்திருக்கிறார்கள். "கொடுக்கிற பணம் திறமைசாலிக்குப் போய்ச் சேரணும்" என்பது அவர்கள் எண்ணம். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. திறமையை எந்தக் கோல் கொண்டு அளப்பது என்பதுதான் கேள்வி. அதைப் பற்றி, நான் பல வருஷம் கூடவே இருந்து பார்த்த ஒரு தேர்வை வைத்துப் பேசுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டத் தேர்வு என்று நீளமான பெயர். பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'என்.எம்.எம்.எஸ்.' என்றால்தான் புரியும். மத்திய அரசு 2008-ல் தொடங்கியது. எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது, பன்னிரண்டாம் வகுப்புவரை வர வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. ஆரம்பத்தில் மாதம் 500 ரூபாய். 2017-லிருந்து மாதம் 1,000. ஒன்பதாம் வகுப்பு முதல் நாலு வருஷத்துக்கு மொத்தம் 48,000 ரூபாய். பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்க்கும் ஒரு வீட்டில் இந்தப் பணம் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளை என்றால், "இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டும்" என்று அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தையை அந்தப் பணம் வாங்கித் தரும்.

தேர்வு எப்படி நடக்கிறது? மனத்திறன் பகுதி 90 கேள்வி, படிப்பறிவுப் பகுதி 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஆக, நிமிடத்துக்கு ஒரு கேள்வி. நாலு விடையில் சரியானதற்கு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். தப்புக்கு மார்க் குறைப்பது இல்லை. மொத்தம் 180-ல் 40 சதவீதம், அதாவது 72 எடுத்தால் தகுதி. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 32 சதவீதம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 72 எடுத்தவனுக்கு உதவித்தொகை கிடைத்துவிடும் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 72 என்பது வாசற்படி. உள்ளே பந்தியில் போட்டிருக்கும் இலை 6,695 தான். தகுதி பெற்றவர்களை இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாக மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தி, இலை தீர்ந்த இடத்தில் கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் 48,000 ரூபாய். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இடையில் ஒரே ஒரு மார்க்.

இந்த முறையை நான் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் காலத்துக்கு முன்னால் உதவித்தொகை என்றால் எப்படிக் கிடைத்தது? ஊர்ப் பெரியவரிடம் போய், கைகட்டி நின்று, ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும். அப்பா யார், எந்தத் தெரு என்று கேட்பார்கள். விடைத்தாளைத் திருத்தும் இயந்திரம் அதைக் கேட்காது. அதற்குச் சாதி தெரியாது, சட்டையின் கிழிசல் தெரியாது. சிபாரிசு இல்லாத பிள்ளைக்குப் பொதுத் தேர்வைப் போல ஒரு துணை கிடையாது. அதனால், "தேர்வே வேண்டாம், தலைமை ஆசிரியர் பார்த்துக் கொடுக்கட்டும்" என்று யாராவது சொன்னால், தலைமை ஆசிரியராக இருந்த நானே முதல் ஆளாக எதிர்ப்பேன்.

ஆனால் இயந்திரத்தின் முன் தாள் வந்து சேர்வதற்கு முன்னாலேயே பாதிப் பேர் வடிகட்டப்பட்டு விடுகிறார்கள். அந்த வடிகட்டலைச் செய்வது இயந்திரம் அல்ல.

விதிகளைப் பாருங்கள். அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50. பெற்றோர் ஆண்டு வருமானம் முன்பு ஒன்றரை லட்சத்துக்குள் என்று இருந்தது, பிறகு மூன்றரை லட்சமாக உயர்த்தினார்கள். இவையெல்லாம் சரி. ஆனால் தங்கும் இடமும் சாப்பாடும் தந்து மாநில அரசு நடத்தும் உறைவிடப் பள்ளியில் படித்தால் இந்த உதவித்தொகை கிடையாது. "அங்கேதான் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே" என்பது காரணம். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் உறைவிடப் பள்ளியில் யார் படிக்கிறார்கள்? பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாத காட்டுக் குடியிருப்புப் பிள்ளைகள். நம் மலையிலேயே பளியர் குடியிருப்புகள் எத்தனை இருக்கின்றன! கல்லூரிவரை வருவதற்குக் கைப்பணம் யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளை தேர்வு எழுதும் முன்பே பட்டியலில் இல்லை.

இன்னொரு தேர்வு ஒன்பதாம் வகுப்பில். ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். கிராமப்புறப் பிள்ளைகளுக்கென்றே வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் கிராமம், நகரம் என்று பிரிக்கிறார்கள். நகராட்சிக்குள் இருக்கும் பள்ளி என்றால் எழுத முடியாது. கொடைக்கானல் ஒரு நகராட்சி. வில்பட்டிப் பக்கத்திலிருந்து தினம் நடந்தோ, பஸ்ஸிலோ கொடைக்கானலுக்கு வந்து படிக்கும் பையன் விதிப்படி நகரத்துப் பையன். ஆனால் சமவெளியில், பெரிய நகரத்தை ஒட்டி, நகராட்சி எல்லைக் கல்லுக்கு நாலடி தள்ளி இருக்கும் பள்ளியில் படிப்பவன் கிராமத்துப் பையன்! இருவரில் யாருக்குப் பயிற்சிப் புத்தகமும் டியூஷனும் எளிதில் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மேலும், மாவட்டத்துக்கு 100 பேர் என்றால் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் யார் யார்? ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, ஆத்தூர், நத்தம், வேடசந்தூர், பழனி எல்லாம் ஒரே பட்டியல். அதே பட்டியலில்தான் பூம்பாறையும், மன்னவனூரும், கவுஞ்சியும், பூண்டியும், கிளாவரையும். மலைக்கு என்று தனி வரிசை கிடையாது.

சரி, விதிப்படி எழுதலாம் என்றே வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று வேண்டும். ஐம்பது ரூபாய் கட்டணம் வேண்டும். ஐம்பது ரூபாய் பெரிதில்லை, ஆசிரியர்களே போட்டுவிடுவோம். சான்றிதழ்தான் சிக்கல். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் சுமார் 35 கிலோமீட்டர். மலைப்பாதையில் 35 என்பது சமவெளி 35 இல்லை. போக வர ஒரு நாள், அன்றைக்குக் கூலி போச்சு. போன அன்றைக்கு 'சர்வர் வேலை செய்யல' என்றால் இன்னொரு நாள். ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "சார், புள்ள ஜெயிப்பான்னு உறுதியாச் சொல்லுங்க, ரெண்டு நாள் கூலிய விட்டுட்டுப் போறேன். ஜெயிப்பானா மாட்டானான்னு தெரியாம எப்பிடி சார்?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? அவருக்கு அது பந்தயம். வசதி உள்ளவருக்கு ஐம்பது ரூபாய்ப் பந்தயம். இவருக்கு இரண்டு நாள் கூலிப் பந்தயம்.

தேர்வு நாள் சனிக்கிழமை. மையம் பெரும்பாலும் கீழே பெரிய ஊரில் இருக்கும். அதிகாலைப் பனியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்து, மையத்துக்குப் போய் உட்கார்ந்ததும் நிமிடத்துக்கு ஒரு கேள்வி! அந்த 180 நிமிடத்தில் அளக்கப்படுவது மூளை மட்டும்தானா என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி, கேள்வித்தாளுக்குள் போவோம். படிப்பறிவுப் பகுதி பாடப்புத்தகத்திலிருந்து வரும். அதைப் பற்றிப் பேச்சில்லை. மனத்திறன் பகுதி அப்படி இல்லை. எண் தொடர், ஒப்புமை, சங்கேத மொழி, திசை, கடிகாரம், கண்ணாடிப் பிம்பம் என்று வரும். பயிற்சியால் வருவதல்ல, பிறவி அறிவை அளப்பது என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். உதாரணத்துக்கு, 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன? பார்த்த உடனே 42 என்று சொன்ன தம்பி தங்கைகள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, நிறையப் பேர். எப்படிச் சொன்னீர்கள்? இதைப் போல நூறு கணக்கு முன்னாலேயே போட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் 4, 6, 8, 10, அடுத்து 12 என்று கை தானாகப் போகிறது. முதல்முதலாகப் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கண்டுபிடித்தும் விடுவாள். ஆனால் நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்கிற இடத்தில் அவள் இரண்டு கேள்வியை இழந்துவிட்டாள். பழகினவள் கண்டுபிடிக்கவே இல்லை, நினைவில் இருந்ததை எடுத்தாள். மார்க் யாருக்கு?

எங்கள் பள்ளியில் ஒரு மாணவி. வீட்டில் பூண்டு விவசாயம். வடுகபட்டிச் சந்தைக்கு அப்பாவோடு போவாள். எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை, கமிஷன் எவ்வளவு, வண்டி வாடகை போக மிச்சம் எவ்வளவு என்பதை நின்ற இடத்தில் மனக்கணக்காகச் சொல்லுவாள். வியாபாரி கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் இவள் விடை வந்திருக்கும். முதல் மாதிரித் தேர்வில் அவளுக்கு மனத்திறனில் 90-க்கு 31. "ஏம்மா இப்படி?" என்றேன். "சார், கண்ணாடியில கடிகாரத்தக் காட்டுறாங்க. எங்க வீட்டுல முள்ளு வச்ச கடிகாரமே இல்ல சார்" என்றாள். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

பள்ளியில் ஒரு பழைய கடிகாரம் இருந்தது. அதைக் கழற்றி, கண்ணாடி முன்னால் வைத்து ஒரு வாரம் பழக்கினோம். பழைய வினாத்தாள்களைத் திரட்டி, சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார வைத்தோம். மூன்று மாதத்தில் அவள் மனத்திறன் மதிப்பெண் 58. மூளை மூன்று மாதத்தில் இரட்டிப்பாகிவிட்டதா என்ன? மூளை அதேதான். பழக்கம் வந்தது. அவ்வளவுதான். அவளுக்கு உதவித்தொகையும் கிடைத்தது.

ஆகவே, பழக்கத்தால் இத்தனை ஏறும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, பழகாதவனைப் பார்த்து 'உனக்குத் திறமை இல்லை' என்று சொல்வது எப்படி நியாயம்?

இன்னொன்று, நான் கணக்கு வாத்தியார், ஒரு சின்னக் கணக்குச் சொல்லாமல் விடமாட்டேன். தெரியாத கேள்வி 20 இருக்கிறது என்று வையுங்கள். தப்புக்கு மார்க் குறையாது என்பதால் எல்லோரும் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவார்கள். நாலில் ஒன்று என்பதால் சராசரியாக 5 சரியாகும். ஆனால் ஒருவனுக்கு 3, இன்னொருவனுக்கு 7 என்று விழுவது சர்வ சாதாரணம். தாயக்கட்டை உருட்டுவது போலத்தான். அப்படியானால் ஒரே அளவு படித்த இரண்டு பிள்ளைகளுக்குள் அதிர்ஷ்டத்தினால் மட்டும் 4 மார்க் வித்தியாசம் வரலாம். கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு மார்க்கில் தவறிப் போனவர்களும் பிழைத்தவர்களும் திறமையால் பிரிந்தவர்கள் என்று ஒரு கணக்கு வாத்தியாரால் கையெழுத்துப் போட முடியாது. மேலே 160 எடுத்தவனும் கீழே 60 எடுத்தவனும் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். நடுவில் கோடு விழுகிற இடத்தில், அது கிட்டத்தட்டக் குலுக்கல்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. கொடைக்கானலில் ஏரிக்கும் ஏழு ரோட்டுக்கும் பக்கத்திலேயே, 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று சர்வதேசப் பள்ளியாக நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளைகள் எழுதுவது 'சாட்' தேர்வு. நம் என்.எம்.எம்.எஸ். தேர்வில் படிப்பறிவுப் பகுதிக்கும் அதே 'சாட்' என்றுதான் சுருக்கப் பெயர். ஒரே மலையில் இரண்டு சாட்!

அந்த அமெரிக்க சாட் 1926-ல் வந்தது. 1933-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளே வந்துகொண்டிருக்கிறார்கள், ஊர்ப்புற அரசுப் பள்ளிகளில் இருக்கும் கெட்டிக்காரப் பையன்களை உதவித்தொகை கொடுத்துக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தார். ஹென்றி சான்ஸி என்பவரைத் தேர்வு ஒன்று பார்க்கச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டது சாட். ஆக, ஏழை எளியவனுக்குக் கதவு திறக்கத்தான் அதைப் பிடித்தார்கள். ஆனால் 1946 வாக்கிலேயே நியூயார்க்கின் புரூக்ளினில் ஸ்டான்லி கப்லான் என்ற டியூஷன் ஆசிரியர் அதற்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கிவிட்டார். பயிற்சியால் மாறாது என்று சொன்ன தேர்வுக்குப் பயிற்சி ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. அந்தப் பெயரில் இருந்த 'ஆப்டிட்யூட்' என்ற சொல்லையே 1990-களில் எடுத்துவிட்டார்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது பல அமெரிக்கக் கல்லூரிகள் சாட் கட்டாயமில்லை என்றன. ஆனால் எம்.ஐ.டி. 2022-ல் திரும்பவும் கட்டாயமாக்கியது. ஏன் தெரியுமா? தேர்வு இல்லையென்றால், வசதியில்லாத பள்ளியிலிருந்து வரும் கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டமாகிறது என்றார்கள். அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கோடு கிழிப்பதில்லை. எந்தப் பள்ளியில், எந்தச் சூழ்நிலையில் எடுத்த மதிப்பெண் என்று சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அமெரிக்கா தூரம். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். அங்கே ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளி என்று அழகான தமிழ்ச் சொல் வைத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் ஒரே வெட்டுப்புள்ளி இல்லை. மாவட்டத்துக்கு ஒன்று, தமிழ்வழிக்கு வேறு, சிங்களவழிக்கு வேறு. கொழும்புப் பிள்ளையும் நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டியதில்லை. அந்தப் பரீட்சையிலும் குறைகள் உண்டு. பத்து வயசுப் பிள்ளையை இப்படி வாட்டலாமா என்று அங்கேயும் பேசுகிறார்கள். ஆனால் எங்கிருந்து ஓடத் தொடங்கினான் என்பதைப் பார்க்காமல் யார் முதலில் வந்தான் என்று சொல்ல முடியாது என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார். சூரியப் புள்ளியிலிருந்து வரும் ஒளியின் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தன. கோடு விலகியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு அவர் போய்விடவில்லை. ஏன் விலகியது என்று கேட்டார். அங்கே வாயு பாய்ந்து ஓடுகிறது என்று தெரிந்தது. இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். நம் மலையில் நடந்த காரியம் இது. ஒரு ஊர்ப் பிள்ளைகள் பட்டியலில் வராமலே போனால் நாமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

பட்டியலில் வந்த பிறகும் கதை முடிவதில்லை. பணம் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக வருகிறது. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55. ஆதாரில் 'செல்வி', பள்ளிப் பதிவில் 'எம். செல்வி' என்று இருந்தாலே போதும், பணம் நின்றுவிடும். தேர்வில் ஜெயித்து, புதுப்பித்தலில் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போயிருப்பான். பழைய பள்ளி "இங்கே இல்லை" என்னும், புதிய பள்ளி "எங்களுக்குத் தகவல் வரலை" என்னும். நடுவில் பையன்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகை உதவி இருக்கிறது. தமிழக அரசு 2022-ல் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். மார்க் கேட்கவில்லை. தேர்வு வைக்கவில்லை. 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம். இங்கே கேட்கப்பட்டது, "நீ எங்கே படித்தாய், இப்போது படிக்கிறாயா?" என்பது மட்டும். நான் எல்லா உதவித்தொகையும் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பணம் குறைவாக இருக்கும்போது யாருக்காவது கொடுத்து யாருக்காவது இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். நம் சங்கத்தின் நிலைமையும் அதுதான். ஆனால் 'இல்லை' என்று சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பிற்பகல் தீர்மானத்துக்கு வருகிறேன். 80-ஐ 90 ஆக்கினால் என்ன நடக்கும்? விண்ணப்பம் குறையும். செயலாளருக்கு வேலை மிச்சம். ஆனால் யார் குறைவார்கள்? டியூஷன் வைத்துப் படித்தவர்கள் குறையமாட்டார்கள். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பிப் பழம் பறித்துக்கொண்டே பரீட்சை எழுதி 78 எடுத்தவன் ஏற்கெனவே வெளியே நிற்கிறான். அவனோடு 84 எடுத்த அவன் தங்கையும் போய் நிற்பாள். அவ்வளவுதான் மாற்றம்.

அதனால் எதிர்த்து ஓட்டுப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், "வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்" என்பீர்கள். மாற்று யோசனை நாலு வைத்திருக்கிறேன்.

முதலாவது, மதிப்பெண் வரம்பை 60-க்கு இறக்குவோம். அது வாசற்படியாக மட்டும் இருக்கட்டும். கல்லூரிப் படிப்பைத் தாங்குவான் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது, தெரிவில் பாதி இடங்களை மதிப்பெண் வரிசைப்படியே கொடுப்போம். உழைத்து முதலிடம் வந்த பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. மற்றப் பாதியை அந்தந்தப் பள்ளிக்குள் வைத்துப் பார்ப்போம். தன் பள்ளியில் முதல் மூன்று பேரில் ஒருவராக வந்தவர் யாராக இருந்தாலும், அந்தப் பள்ளி மலையில் இருந்தாலும் மடுவில் இருந்தாலும், அவரைக் கூப்பிட்டுப் பேசுவோம். ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பஸ். அங்கே ஒப்பிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

மூன்றாவது, கோட்டுக்குக் கீழே ஓரிரு மார்க்கில் நிற்பவரைத் தள்ளுவதற்கு முன், அவருடைய வீட்டுக்கு நம் சங்கத்தில் ஒருவர் போய்ப் பார்த்து வருவோம். தொலைபேசியில் அல்ல, நேரில். நம் ஆட்கள் பழனியில் இருக்கிறார்கள், வத்தலக்குண்டில் இருக்கிறார்கள், கொடைக்கானலில் ஓட்டல் நடத்துகிறார்கள். முடியாத காரியம் இல்லை.

நாலாவது, புதுப்பிக்க வருஷா வருஷம் மதிப்பெண் கேட்கும் விதியை எடுத்துவிட்டு, கல்லூரிக்கு ஒழுங்காக வருகிறாரா என்று மட்டும் கேட்போம். ஒரு பருவத்தில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் இரண்டு பேப்பர் போயிருக்கும். அந்த நேரத்தில்தான் பணம் தேவை. அந்த நேரத்தில் நிறுத்தினால் அதற்குப் பெயர் உதவித்தொகையா?

இவ்வளவும் நம் கையில் இருக்கிற சின்னப் பணத்துக்கு. அரசாங்கத்தின் பெரிய பணத்துக்கு என்ன செய்யலாம்? விதியை மாற்றச் சொல்லி மனு எழுதலாம். உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிச் சங்கத்தின் பெயரில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் விதி மாறும்வரை இன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. ஒரு வருஷம்தான் அவனுக்கு வாய்ப்பு. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால் இந்தத் தேர்வை எழுத முடியாது.

அங்கேதான் இன்றைய மாணவர்களாகிய உங்களைக் கேட்கிறேன், தம்பி தங்கைகளே. மூன்று காரியம். இருபது பேர் சேர்ந்து பழைய வினாத்தாள்களைத் தொகுத்து, விடையோடு விளக்கமும் எழுதி, மலைப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். விண்ணப்ப நேரத்தில் ஒரு நாள் மேலே வந்து, செல்போனும் அச்சு இயந்திரமும் வைத்துக்கொண்டு, சான்றிதழ் விண்ணப்பங்களைப் பள்ளியிலேயே போட்டுக் கொடுங்கள். ஒரு தகப்பனாரின் இரண்டு நாள் கூலியை நீங்கள் காப்பாற்றுவீர்கள். தேர்வுக்கு முந்தின நாள் மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகள் நம் கல்லூரி விடுதியில் ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்யுங்கள். முதல்வர் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தலையாட்டுகிறார்கள், நான் பார்த்துவிட்டேன், எல்லோரும் சாட்சி. நன்றாகத் தூங்கி, சுடச்சுட இட்லி சாப்பிட்டு, வாந்தி எடுக்காமல் போய் உட்கார்ந்து எழுதட்டும். அப்புறம் வரும் மதிப்பெண்ணை நான் மதிப்பெண் என்று ஒப்புக்கொள்கிறேன்.

நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். யாரோ ஒருவர் பீஸ் கட்டினார், யாரோ ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார், யாரோ ஒருவர் விடுதியில் இடம் பார்த்துக் கொடுத்தார். அப்புறம்தான் நம் திறமை வெளியே வந்தது. திறமை முதலில், உதவி பின்னால் என்று நம் வாழ்க்கை நடக்கவில்லை. மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு மட்டும் ஏன் அப்படி நடக்க வேண்டும்? பிற்பகல் கை தூக்கும்போது இதை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தூக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன்.